யப்பான் மீன் தோண்டிய மூலை

உருத்திரபுரத்தில் ஓவசியர் ஐயா வீட்டு விறாந்தையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. ஆறடி நீளம், இரண்டரை அடி உயரம். அவரே கட்டியது. இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, அடியில் சீமெந்து, இடுக்குகளில் யன்னல் கண்ணாடிக்கு வைக்கிற புட்டி. தண்ணீர் விட்ட அன்றே ஒழுகியது.

நான் அப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் அவருக்குக் கீழே நாட்கூலி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வவுனியாவில் மர ஆலை, முல்லைத்தீவில் கரைவலை என்று திரிந்து அங்கே வந்து சேர்ந்திருந்தேன். சீமெந்து மூட்டை அடுக்கும் கொட்டிலில் படுக்கை. இருமினால் சளி சாம்பல் நிறத்தில் வரும். வாய்க்கால் காவலுக்கு நிரந்தரமாக ஓராளை எடுக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. தகரம் போட்ட அறையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு பின்னேரம் ஐயா கூப்பிட்டார். “பதினைஞ்சு நாளிலை எஞ்சினியர் வாறார். அதுக்குள்ளை இதை ஒழுகாமல் நிப்பாட்டித் தந்தியெண்டா உன்ரை பேரைத்தான் எழுதுவன்.”

“ஓம் ஐயா” என்றேன்.

முன்பக்கத்தில் சொட்டியது. அந்த இடத்துப் புட்டியைச் சுரண்டிப் புதிதாக வைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் சொட்டியது. மறுபடி சுரண்டினேன். மூன்றாம் நாள்தான் விளங்கியது. தண்ணீர் எங்கேயோ புகுந்து, இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓடி, வேறிடத்தில் வெளியே வருகிறது. சொட்டுகிற இடத்தை அடைத்துப் பயனில்லை.

ஐயா தன் வழியில் தேடினார். குளக்கட்டில் ஓட்டை எங்கே என்று பார்க்க உமி தூவுவார்கள். ஓட்டை இழுக்கும் பக்கம் உமி போகும். ஒரு கடகம் உமியைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார். அது அசையாமல் மிதந்தது. அவருடைய மனைவி கதவடியில் நின்று பார்த்தா.

“உமி போட்டாச்சு. அரிசியையும் போடுங்கோவன், கஞ்சியாவது காய்ச்சலாம்.”

“நீர் சும்மா இரும்.”

“நான் சும்மாதான் நிக்கிறன். உங்கட குளந்தான் சும்மா நிக்குதில்லை.”

உமியை அள்ள எனக்கு அரை நாள் போனது. பிறகு சட்டத்தைத் துடைத்துக் காயவிட்டு, சலித்த சாம்பலைச் சுற்றிவரப் பூசினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டுக்கொண்டு, சாம்பல் எங்கே முதலில் கறுக்கிறது என்று தரையில் படுத்துக் கிடந்து பார்த்தேன். அந்தக் கிழமைதான் அம்மா செத்துப்போன கடிதம் வந்தது. எட்டாம் நாள் செய்கிற எட்டுச்செலவும் முடிந்த பிறகு எழுதியிருந்தார்கள். மடித்துப் பையில் வைத்துவிட்டுத் திரும்பவும் படுத்தேன். பின்பக்கத்து இடது மூலை, அடிச் சீமெந்தும் இரும்பும் சேரும் இடம், மெல்லக் கறுத்தது. சாம்பலில் ஒரு கோடு அங்கேயிருந்து முன்பக்கம் வரை நீண்டது.

இடத்தைப் பிடித்தாலும் அடைக்க முடியவில்லை. இரும்பு துருப்பிடித்துக் கறள் ஏறியிருந்தது. புட்டி பிடிக்காமல் தோல்போல உரிந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டி, புட்டி காய்வதற்கு மாதக்கணக்கு வேண்டும். எங்களிடம் ஆறு நாள்தான் இருந்தது.

ஐயா யோசித்துவிட்டுச் சொன்னார். “புது வாய்க்கால் முதல் தண்ணியைக் குடிக்கும். கலங்கல் தண்ணி ரெண்டு தரம் போனால் குடிக்கிறதை விட்டிடும். இதுக்கும் அதைச் செய்.”

வாய்க்காலில் மண் கரைந்து ஓடிய தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினேன். தொட்டி தேநீர்ப் பானை மாதிரி ஆனது. “இனி எருமையையும் இறக்கிவிடுங்கோ” என்று அவா சொல்லிவிட்டுப் போனா. ஆனால் இரண்டாம் நாள் சொட்டு நின்றது. நாலாம் நாள் சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளிந்தது. சட்டத்தில் பூசிய சாம்பல் சாம்பலாகவே இருந்தது. ஐயா என் முதுகில் தட்டினார்.

பிறகு மீன்களை விட்டார். அந்த நாட்களில் குளங்களில் புதிதாக விட்டிருந்த மீன், சனம் யப்பான் மீன் என்றார்கள். ஆறேழு சிறிசுகள், ஒரு பெரிய ஆண். ஆண் கறுத்து, செட்டை விளிம்பு சிவந்து, பார்க்க நன்றாயிருந்தது. எஞ்சினியருக்குக் காட்டவென்றே அதைப் பிடித்திருந்தார்.

எஞ்சினியர் வரும் நாள் விடிய ஐயா சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய்விட்டார். கண்ணாடி துடைக்கப் போன நான் அந்த ஆண் மீனைப் பார்த்தேன். வாயால் சேற்றை அள்ளி அப்பால் கொண்டுபோய்த் துப்பியது. திரும்பி வந்து மறுபடி அள்ளியது. முட்டை இடுவிக்கக் கிடங்கு தோண்டுகிறது. அவ்வளவு பெரிய தொட்டியில் அது பிடித்த இடம் அந்த இடது மூலை. சிரட்டை அளவுக் கிடங்கில் சீமெந்து வெள்ளையாகத் தெரிந்தது. வெளியே சாம்பல் ஈரமாகியிருந்தது.

உடுத்திருந்த சாரத்தின் நுனியால் வளைத்து அதைப் பிடித்தேன். வாளியில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் விட்டேன். கிடங்கில் ஒரு பிடி சேற்றை அமுக்கினேன். பத்து மணிக்குள் தண்ணீர் தெளிந்து, ஒழுக்கும் நின்றது. சட்டத்தில் இருந்த சாம்பலை ஈரமில்லாமல் துடைத்தெடுத்தேன்.

ஐயா திரும்பி வந்த பிறகு, மத்தியானம் ஜீப் வந்தது. எஞ்சினியர் இளநீர் குடித்துவிட்டுத் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். “எங்கை ஓவசியர், நீர் சொன்ன பெரிய ஆள்?”

ஐயா குனிந்து நாலு பக்கமும் தேடினார். “இருக்குது சேர். ஒளிச்சிருக்கும்.” அந்த அளவு மீன் ஒளிக்க அங்கே ஒன்றும் இல்லை. எஞ்சினியர் சட்டத்தின் அடியை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். “சொட்டு ஈரமில்லை. நல்லாக் கட்டியிருக்கிறீர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் போனதும் ஐயா என்னிடம் வந்தார். “எங்கை அது?”

“வாய்க்காலிலை விட்டிட்டன். மூலையைத் தோண்டினது. ஒழுகத் தொடங்கியிட்டுது.”

“ஆரிட்டைச் சொன்னனீ?”

“ஒருத்தரிட்டையும் இல்லை.”

அவர் கோபப்படவில்லை. கதிரையில் இருந்தார். “வாய்க்கால் காவலாளுக்கு முதல் வேலை என்ன தெரியுமோ? வாய்க்கால் கட்டிலை ஒரு கசிவைக் கண்டால் ஓடிவந்து அறிவிக்கிறது. அடைக்கிறது பிறகு. நீ கண்டனீ, உன்ரை பாட்டிலை அடைச்சனீ. நாளைக்குக் கட்டு உடையேக்கையும் இப்பிடித்தான் நிப்பாய். உன்ரை பேரை எழுதேலாது.”

முரசுமோட்டைப் பக்கத்து ஆள் ஒருவருக்கு அந்த வேலை போனது. நான் இரண்டு நாள் கழித்து, நெளுக்குளத்தில் செங்கல் சூளைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லொறியில் ஏறினேன். ஆத்திரம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர் சொன்னது சரிதான். அன்று விடிய ஐயா இல்லாவிட்டாலும் அவருடைய மனைவி குசினிக்குள் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. சத்தம் கேட்டது. வாளியோடு அந்த வாசலைக் கடந்துதான் போனேன். நின்று ஒரு சொல் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.