அரை மணிக்கு ஒருமுறை

அடையாற்றில் ஒரு சின்னக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபை நான் சில வருஷம் பார்த்துக்கொண்டேன். நாற்பது கம்ப்யூட்டர்கள். பருவத் தேர்வு வந்தால் அந்த லேப்தான் தேர்வுக்கூடம். முன்பு அங்கே ஒரு சர்வர் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று மற்றவற்றுக்கு அதுதான் சொல்லும். ஒரு தேர்வு நாளன்று அது படுத்துக்கொண்டது, கூடவே நாற்பதும் படுத்துக்கொண்டன. அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதில் ரோஷம் வந்து சர்வரையே தூக்கிவிட்டேன்.

புது ஏற்பாடு எளிதானது. இன்டர்நெட் கூடாது, பென்டிரைவ் கூடாது, சத்தம் கூடாது என்று விதிகளை ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதினேன். அந்த ஃபைலின் நகலை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் போட்டேன். அரை மணிக்கு ஒருமுறை அது தன் ஃபைலைத் தானே படிக்கும். ஏதாவது மாறியிருந்தால் யாரையும் கேட்காமல் பழையபடி ஆக்கிவிடும். பசங்கள் எதை நோண்டினாலும் அரை மணிக்கு மேல் நிற்காது.

லேபைத் திறந்து மூடுகிற அக்கா ஊரூர் குப்பத்திலிருந்து வருபவர். நான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, "இன்னா சார், ஒவ்வொரு பொட்டிக்கும் இனிமே அதுவே வாத்தியாரா? அப்போ நீ எதுக்குக் கீற?" என்றார். நான் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் ஒரே கர்வம்.

போன மழைக்காலத்தில் ஒரு மாணவி வந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி, பொருளாதாரம். முந்தைய தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளைக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் பாதியை விழுங்கிவிட்டு, மீதியைத் தன் இஷ்டத்துக்கு எழுதிவைத்திருக்கிறார். தோற்றது அவள். இந்த முறை நானே டைப் செய்கிறேன், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளும் ஒரு ஹெட்போனும் கொடுங்கள், போதும் என்று அவள் நங்கநல்லூரிலிருந்து முதல்வர் அறைக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் முதல்வர் இறங்கிவந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கம்ப்யூட்டர் சொதப்பினால், இனி அவளுக்கும் சரி, அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சரி, எழுதித் தருகிற ஆள்தான்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று தாமதமாகத்தான் போனேன். மயிலாப்பூரிலிருந்து மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு லேபுக்குள் நுழைந்தபோது ஒன்பதே முக்கால் தாண்டிவிட்டது. பத்து மணிக்குத் தேர்வு. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "சத்தமே வரலை சார்" என்றாள். வராது, சத்தம் கூடாது என்று ஃபைலில் இருக்கிறதே. அவளுடைய மென்பொருளைப் போட்ட நான், அந்த ஒரு வரியை மாற்ற மறந்திருந்தேன். ஃபைலைத் திருத்தி, சரிபார்த்து, மறுபடி ஓட்ட நேரம் இல்லை. கீபோர்டின் மூலையிலிருந்த பொத்தானை அழுத்திச் சத்தத்தைத் திறந்துவிட்டேன். "இப்போ கேக்குதா?" "கேக்குது." அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன்.

பத்தேகாலைத் தாண்டி அக்கா ஓடிவந்தார். "சார், அந்தப் பொண்ணு கையத் தூக்கிக்கினு கீது."

வாசலில் மேற்பார்வைக்கு வந்திருந்த பேராசிரியை நின்றிருந்தார். "சத்தம் நின்னு போயிடுத்துங்கறா. எக்ஸாம் நடந்துண்டிருக்கு, நீங்க பாட்டுக்கு உள்ள போகப்படாது. என்ன செய்யறேள்னு என் எதிர்ல சொல்லிண்டே செய்யுங்கோ" என்றார்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மூலைப் பொத்தானை அழுத்தினேன், சத்தம் வந்தது. ஏன் போனது என்று அவள் கேட்டாள். "ஹெட்போன் பின் லூஸ்மா, அதான்" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பின்னை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்பது நிமிஷம் போயிருந்தது. பார்வை உள்ளவர்களுக்குச் சத்தம் போனால் சத்தம் மட்டும்தான் போகும். அவளுக்கோ கேள்வி, தான் எழுதிய பதில், மிச்ச நேரம் எல்லாமே போய்விடும். எந்தக் கீயைத் தொட்டால் எது அழியுமோ என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்தே முக்காலுக்குச் சற்று முன்னால் மறுபடி கை உயர்ந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பத்து பன்னிரண்டு, இப்போது பத்து நாற்பத்திரண்டு. சரியாக அரை மணி. கம்ப்யூட்டர் தன் ஃபைலைப் படிக்கிறது, சத்தம் திறந்திருப்பதைப் பார்க்கிறது, யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்று அடைத்துவிடுகிறது. நோண்டியவன் நான்.

சர்வர் இருந்தால் வெளியில் உட்கார்ந்தபடியே அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இந்தச் சோதனையை நிறுத்தச் சொல்லியிருப்பேன். இப்போது வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழைய முடியாது, அதுவும் என் விதிதான். அதை நிறுத்துவதென்றால் அவள் மேசையில் உட்கார்ந்து தேர்வுத் திரையை மூட வேண்டும். திரையை மூடினால் எழுதியவரைக்கும் சமர்ப்பித்ததாகக் கணக்காகி, தேர்வு முடிந்துவிடும். ஆக, நிறுத்த வழியே இல்லை.

"மறுபடியும் பின்னா சார்?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பேராசிரியை பக்கத்திலேயே நின்றார். முப்பத்தொன்பது பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இல்லைமா. பின் நல்லாத்தான் இருந்துச்சு. அரை மணிக்கு ஒரு தடவை இது தானே சத்தத்தை அடைச்சிடும். நான்தான் அப்படி வெச்சிருக்கேன். உனக்காக மாத்த மறந்துட்டேன். இப்போ மாத்தவும் முடியாது."

அவள் ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திக்கொண்டாள். பிறகு, "அடுத்தது எப்போ?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு பன்னெண்டு."

"எந்தப் பொத்தானை அழுத்துனீங்க? என் விரலை அதுமேல வைங்க."

வைத்தேன். அவளே அழுத்திச் சத்தத்தைத் திறந்துகொண்டாள். வீட்டில் அவள் பழகியது லேப்டாப்பில். இந்தக் கீபோர்டில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் நேரம் நெருங்கும்போது அவள் டைப் செய்வதை நிறுத்துவாள், விரலை மூலைக்குக் கொண்டுபோவாள், காத்திருப்பாள். மென்பொருள் சொல்லும் மணியைக் கேட்டுக் கேட்டு, எழுதுவதோடு அதையும் மனசில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று கூடுதலாகக் கொடுத்த ஒரு மணி நேரமும் தீர்ந்தபோது மணி இரண்டு. கடைசிக் கேள்வி பாதியில் நின்றுபோனது.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. உங்களுக்கும் வம்பில்லை. அடுத்த தடவை ஆள் போட்டுக்கறோம்."

"கோளாறு இல்லை சார். நான் செட் பண்ணினதுலதான் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்படி எழுதினா அவளை நான் தடுக்க முடியாது, அடுத்த தடவையும் அவளே எழுதிக்கலாம். ஆனா உங்க கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவும் முடியாது. யோசிச்சுச் செய்யுங்க."

யோசித்தேன், பொய் சொல்வானேன். வீட்டு வாடகையை நினைத்தேன். நாற்பதையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்த ராத்திரிகளை நினைத்தேன். கோளாறு என்ற ஒரு சொல்லை எழுதக் கை துடித்தது. பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்: கம்ப்யூட்டர் ஒழுங்காகவே வேலை செய்தது, அந்த மாணவிக்கு வேண்டிய சத்தத்தை விதிகளில் சேர்க்காமல் விட்டது என் சிறு தவறு.

அவள் அதே பெஞ்சின் மறுகோடியில் அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுனீங்க சார்? படிங்க."

படித்தேன்.

"'சிறு'ங்கறத எடுத்துடுங்க."

பேனாவால் அடித்தேன். அடித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் கையை நீட்டினாள், தாளைக் கொடுத்தேன். அதை வாங்கிப் பக்கத்திலிருந்த அக்காவிடம் நீட்டி, "நீங்க படிங்கக்கா" என்றாள்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல், எழுத்துக் கூட்டி, கடைசி வரைக்கும் படித்தார்.