வெள்ளைத் தாளில் என்ன தெரிந்தது?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கதை கட்ட எனக்குத் தெம்பில்லை. குழந்தைகளின் மூளை அலைப் பதிவைப் படித்துச் சொல்கிற டாக்டர் நான். வீட்டில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று மதியம் மூன்று மணி. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, தலை முழுக்க ஒயரோடு படுத்திருந்தாள். வகுப்பில் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். வலிப்பாக இருக்குமோ என்று அவள் அம்மாவுக்குப் பயம். நான் தப்பாகப் படித்தால், பிள்ளை வருடக்கணக்கில் வேண்டாத மாத்திரையை விழுங்க வேண்டும்.

திரையில், பின்தலைப் பக்கம் கூர்கூராக அலைகள் வந்தன. பார்க்க வலிப்பு போலவே இருக்கும். ஆனால் குழந்தைகள் படத்தையோ பொம்மையையோ உற்றுப் பார்த்தாலும் இதே போல வரும். அது நோயே இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முகத்துக்கு நேரே வெள்ளைத் தாளைப் பிடித்தால், பார்க்க ஒன்றுமில்லாமல் அலை நின்றுவிடும்.

பிடித்தேன்.

நிற்கவில்லை...

"கண்ண மூடு செல்லம்."

நின்றது.

"தொற."

மறுபடி வந்தது. அப்படியென்றால் அவள் எதையோ பார்க்கிறாள். தாளில் ஒரு புள்ளிகூட இல்லை.

"என்னடா பாக்குற?"

"அந்த ஆன்ட்டிய."

"எந்த ஆன்ட்டி?"

"கிளாஸ்ல சுவரோரமா நிப்பாங்கல்ல, அவங்கதான். பாவம், கால் வலிக்குதாம். உக்கார எடம் வேணுமாம்."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதால் வருகிற அலைதான், வலிப்பு இல்லை என்றேன். 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார்.

"டாக்டர், இப்பல்லாம் சுவரப் பாக்குறதே இல்ல. அந்த ஆன்ட்டிக்கு எடம் கெடச்சிடுச்சுங்கிறா."

"எங்க?"

"சிரிக்காதீங்க... உங்க வீட்லயாம்."

நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். ராத்திரியெல்லாம் நான் தூங்கி வழிகிற நாற்காலி, தொட்டிலருகே காலியாக இருந்தது. என் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்...

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

சிரித்தாள்...

தாளைப் பார்த்து.