முதுகு வெட்டிய கார்

1. சத்தம்

கண்ணாடி உடையும் சத்தத்தை, வண்டி ஓட்டுகிறவன் காதால் கேட்பதற்கு முன்னால் முதுகால் கேட்டுவிடுவான். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் சில வளைவுகள் ஏறியிருந்தேன். ரோட்டில் பெரிய பள்ளம்கூட இல்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு சின்ன மேடு. புது லோடு வண்டியின் பின்பக்கம் ஒரு குதி குதித்து இறங்கியது. என் முதுகில் சிலீரென்று ஏதோ ஓடியது. பிறகுதான் சத்தம் வந்தது.

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். ஆறடிக்கு நாலடி ஆளுயரக் கண்ணாடி. அதன் மரச்சட்டம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. மற்றதெல்லாம் தளத்தில் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வானம்.

கள்ளக்குறிச்சியில் ஹபீப் பாயின் கண்ணாடிக் கடையில் நான் டிரைவர், ஃபிட்டர் இரண்டும். ஏற்றுவதும் ஓட்டுவதும் சுவரில் மாட்டுவதும் என் வேலை. உடைந்தால் போன் செய்து சொல்வதும் என் வேலைதான். அந்தக் கண்ணாடி வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் தையல் கடை வைத்திருக்கும் அலமேலு என்ற பெண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யக்கா, கண்ணாடிக் கடையிலேர்ந்து சேகரு பேசறேன். சரக்கு வழியிலயே ஒடஞ்சிபோச்சு."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"இன்னாண்ணா இப்பிடிச் சொல்றீங்க? மூணு வூட்டுக் கல்யாணப் பொண்ணுங்க துணி எங்கிட்ட இருக்குது. ஆளுயரக் கண்ணாடி வருது, இங்கயே போட்டுப் பாத்துக்கலாம்னு சொல்லித்தான் வாங்கி வெச்சிருக்கேன். இல்லன்னா அதுங்க கீழ டவுனுக்கே எறங்கிப் போயிடும். ஒருவாட்டி போனா அப்புறம் திரும்பி வராதுங்கண்ணா."

துண்டுகளைச் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

2. காரின் நடை

அந்த லோடு வண்டி வருவதற்கு முன்பு எங்கள் கடையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கார். கடைத்தெருவில் அதற்கு 'முதுகு வெட்டிய கார்' என்று பெயர். ஒரு காலத்தில் கலெக்டரிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வரைக்கும் ஏறிப் போன உருண்டை முதுகுக் கார்தான். உளுந்தூர்பேட்டையில் ஒரு பேப்பர் ஏஜென்ட், முன்சீட்டுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத் தகடு போட்டுத் தளம் அமைத்திருந்தார். ஆர்.சி. புக்கிலும் முறைப்படி கூட்ஸ் என்று மாற்றி, பேப்பர் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் தொழிலை விட்டபோது பாய் வாங்கினார்.

முன்னால் நின்று பார்த்தால் கார். பின்னால் போனால் குட்டி லாரி. பக்கவாட்டில் பார்த்தால், ஒரு யோசனையில் ஆரம்பித்து வேறு யோசனையில் முடித்த மாதிரி இருக்கும். தளத்தின் நடுவில் 'ஏ' எழுத்துப் போல ஒரு மரச்சட்டம் நிற்கும். அதில் கண்ணாடியைச் சாய்த்து, ரப்பர் கொடுத்துக் கயிறு கட்டுவோம். அவ்வளவுதான் ஏற்பாடு.

அதன் நடையைச் சொல்லாமல் விட முடியாது. வேகத்தடை வந்தால் முதலில் மூக்கு மெல்ல எழும்பும், அப்புறம் இடுப்பு, அப்புறம் ஒரு பெருமூச்சு. லோடு வண்டியைப் போலவே அதிலும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். ஆனால் ஆட்களைச் சுமப்பதற்காகச் செய்த மெல்லிய பட்டை. ஓட்டும்போது தூக்கம் வராது. நினைவு மட்டும் எங்கெங்கோ போய்விட்டு வரும். திருநாவலூர் பக்கம் வயல் நடுவே போகிற ரோட்டில், பின்னால் நாலு கண்ணாடியோடு, நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதையே மறந்து போயிருக்கிறேன். கண்ணாடி மட்டும் அந்தந்த ஊருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதை நிறுத்திவிட்டு லோடு வண்டி வாங்கச் சொன்னது பாயின் மகள் நஸீமா. பி.காம். முடித்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் சொன்ன காரணம் ஒன்றுகூடத் தப்பில்லை. காரில் கொஞ்சம் ஜாஸ்தி ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். மழை பெய்தால் கதவு வழியாகத் தண்ணீர் வரும். ஒரு சாமான் மாற்ற வேண்டுமென்றால் விழுப்புரம் வரைக்கும் அலைய வேண்டும். பெரிய கட்டட வேலைகள் வர ஆரம்பித்திருந்தன. எங்களுக்கு லோடு வண்டி தேவைதான்.

3. குதித்துப் பார்த்தது

நான் சாக்கோடு கடைக்குத் திரும்பியபோது பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டிவலி வந்த பிறகு அவர் இடம் அதுதான்.

"கயிறு சரியாக் கட்டலியா சேகரு?"

"கட்டினேன் பாய். கயிறு அப்பிடியே இருக்குது பாருங்க."

நஸீமா லோடு வண்டியின் பின்பக்கம் ஏறினாள். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். வண்டி அசையவில்லை. இறங்கிப் போய், மூலையில் தூசி படிந்து நின்ற காரின் தளத்தில் ஏறி அதேமாதிரி குதித்தாள். கார் இறங்கி எழும்பி, மறுபடி இறங்கி அடங்கியது.

"அண்ணா, வண்டி மேல தப்பு இல்ல. அது ஒரு டன்னு கேக்குது. நாம ஒரே ஒரு கண்ணாடிய வெச்சா, மேல ஒண்ணு இருக்குதுன்னே அதுக்குத் தெரியல. காலி வண்டி மாதிரி குதிக்குது."

பாய் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "காரு மலை ஏறுமா சேகரு? ரேடியேட்டரு தாங்குமா?"

"நின்னு நின்னு ஏறும் பாய்."

"அப்ப நானும் போறேன் அத்தா," என்றாள் நஸீமா. "அந்த அக்காகிட்ட ஒடையாம வரும்னு சொன்னது நானு."

"பொழுதோட திரும்பிடணும்," என்று மட்டும் சொன்னார் பாய்.

4. மேகம் வந்து போனது

மறுநாள் புதுக் கண்ணாடியை ஏற்றிக் கம்பளி போர்த்திப் புறப்பட்டோம். போர்த்தாவிட்டால் எதிரே வருகிறவன் கண்ணில் வெயில் அடிக்கும். கச்சிராயபாளையத்தில் நஸீமா டீ வாங்கிப் பாதி குடித்துவிட்டு, மீதியைக் கப்போடு முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த மேடையில் வைத்தாள்.

"சிந்திடும்மா."

"பாக்கலாம்ணா. அதுக்குத்தான் வெச்சேன்."

கரும்புத் தோட்டங்கள் முடிந்தன. கோமுகி அணைத் தண்ணீர் மரங்களுக்கு நடுவே தெரிந்து மறைந்தது. ரோடு மலையைச் சுற்ற ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. டீயின் மேல் ஏடு படிந்தது. கப்புக்குள் ஒரு சின்னக் குளம் சாய்ந்து நிமிர்ந்துகொண்டே வந்தது. நேற்று உடைந்த அதே மேட்டில் கார் மூக்கைத் தூக்கி, இடுப்பைத் தூக்கி, பெருமூச்சு விட்டது. டீ விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது.

"சிந்தல," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி.

ரேடியேட்டர் கொதிக்க ஆரம்பித்ததும் ஒரு வளைவில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் கம்பளி ஒரு பக்கம் நழுவியிருந்தது. சரியாகக் கட்டுவதற்காக முழுசாக இழுத்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது.

எதிர்மலை முழுக்கக் கண்ணாடிக்குள் இருந்தது. மேகம் எங்களைத் தாண்டி, கண்ணாடிக்குள் நுழைந்து, உள்ளே இருந்த மலையை மெல்ல மெல்ல மூடியது. கொஞ்ச நேரம் கண்ணாடி வெறும் வெள்ளையாக இருந்தது. பின்னால் நின்ற மலையும் வெள்ளை. கண்ணாடி எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சூடு ஆறுகிற இன்ஜினின் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளே ஒரு மரம் வந்தது. இன்னொரு மரம் வந்தது. ரோடு வந்தது. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் வந்தோம்.

"இந்த வண்டிய ஓட்டுறப்ப இன்னாண்ணா நெனச்சிக்கினு போவீங்க?" என்று கேட்டாள் நஸீமா.

"நான் ஒண்ணும் நெனைக்கிறதில்லம்மா. அதுபாட்டுக்கு வரும்."

அவள் சிரித்துவிட்டுக் கம்பளியின் மறுமுனையைப் பிடித்தாள்.

5. ஓடை

காரின் தோல்வியையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளிமலை தாண்டி மண்ரோட்டில் இறங்கினோம். அலமேலுவின் ஊருக்கு முன்னால் ஓடையின் மேல் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கல்லைக் கொட்டி மாற்றுவழி விட்டிருந்தார்கள். மேலே பெய்த மழையில் அதன்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர். அடியில் தலைதலையாகக் கற்கள். லோடு வண்டி என்றால் ஏறிப் போயிருக்கும். காருக்கு வயிறு தாழ்வு. ஒரு கல் தட்டினாலும் கண்ணாடி போய்விடும்.

"தாண்டாதும்மா."

நஸீமா அலமேலுவுக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் அக்கரை மரவள்ளிக் காட்டிலிருந்து ஐந்தாறு பெண்களோடு அலமேலு ஓடையைத் தாண்டி வந்தாள். மெலிந்த உடம்பு, கழுத்தில் இஞ்ச் டேப். கம்பளியைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"முழுசா இருக்குதே. அப்புறம் இன்னா, தூக்கிக்கினு போயிடலாம்."

"படுக்க வெக்கக் கூடாது. நிக்க வெச்ச மாதிரியே தூக்கணும். முன்னாடி நான், கடைசியில நஸீமா. நடுவுல நீங்க பிடிச்சிக்குங்க," என்றேன்.

கம்பளி நனைந்தால் கனக்கும் என்று எடுத்துவிட்டோம். தண்ணீரில் இறங்கினோம். ஓடையைக் கடந்த பெண்களோடு, கண்ணாடிக்குள் அதே பெண்கள் அதே ஓடையைக் கடந்து வந்தார்கள். யாரோ ஒருத்தி தன்னைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கினாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நடு ஓடையில் என் கால் பாசியில் வழுக்கியது. கண்ணாடிச் சட்டத்தின் முன்பக்கம் என் கையை விட்டு இறங்கியது. கல்லில் படப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். படவில்லை. திறந்து பார்த்தால் அலமேலு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். சட்டத்தின் மூலை அவள் தோளில் இருந்தது.

"வுடாதீங்க! தூக்குங்கண்ணா, தூக்குங்க! நான் எந்திரிச்சிக்கிறேன், நீங்க போய்க்கினே இருங்க!"

தூக்கினோம். போனோம். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது அவள் தோளைத் தேய்த்துக்கொண்டு, தண்ணீரில் போகப் பார்த்த இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தையல் கடைச் சுவரில் மாட்டி, கடைசி ஸ்குரூவை முறுக்குவதற்குள் முதல் கல்யாணப் பெண் வந்துவிட்டாள். நானும் நஸீமாவும் வெளியே வந்து நின்றோம். உள்ளே அலமேலு, "கைய தூக்கு. திரும்பு. இங்க புடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரப் புடவையைக்கூட அவள் மாற்றவில்லை. போனில் தன்னை எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டவள்தான் அந்தக் கல்யாணப் பெண். ஆனாலும் அவள் திரும்பித் திரும்பி நிற்கிற கொலுசுச் சத்தம் வெளியே கேட்டது.

பிறகு அந்தப் பெண் சொன்னது எங்களுக்குக் கேட்டது: "இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே நிக்கிறேங்க்கா."

6. மணல்

அதற்குப் பிறகு அந்தக் கார் எங்களிடம் ரொம்ப நாள் இருக்கவில்லை. தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குக் கொண்டுபோனபோது அடித்தகடு துருப்பிடித்திருந்தது தெரிந்தது. லாரிக்கு இருப்பது போலக் காருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. அந்தத் தகடுதான் அதற்கு எலும்பு. வெல்டர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நஸீமா அதன் ஸ்டியரிங்கின் மேல் கொஞ்ச நேரம் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையெழுத்துப் போட்டுப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த மாதிரி வண்டி புதுசாக வருகிறதா என்று பார்க்க நாங்கள் விழுப்புரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். விற்பனைக்காரர் ஒரு பெரிய பிக்கப்பைக் காட்டினார். கப்பல் மாதிரி இருந்தது. உள்ளே தோல் சீட்டு, பாட்டுப் பெட்டி. பின்தளம் என் மார்பு உயரத்தில் இருந்தது.

"இதுல கண்ணாடி ஏத்தலாங்களா?" என்று கேட்டாள் நஸீமா.

அவர் திகைத்துப் போனார். "இது ஃபேமிலியோட டூர் போறதுக்குங்க மேடம்."

திரும்பி வரும் வழியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். லோடு வண்டி ஒரு டன் கேட்கிறது, அதற்குப் பாதியாவது கொடுப்போம் என்றாள். இப்போது தளத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, அதற்கு மேல் அந்த 'ஏ' சட்டத்தை வைத்துத்தான் கண்ணாடி ஏற்றுகிறோம். வண்டி அடங்கிப் போகிறது. அதற்குப் பிறகு மலையில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. வேலை நடக்கிறது, நான் குறை சொல்ல முடியாது.

ஒருமுறை அடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் கைகாட்டி நிறுத்தினார்.

"இன்னாப்பா இது? எல்லாரும் மணலக் கீழ கடத்துவான். நீ மேல ஏத்திக்கினு போற?"

"விக்கிறதுக்கு இல்லீங்க சார். கண்ணாடி குதிக்கக் கூடாதுன்னு வெச்சிருக்குது."

அவர் மூட்டைகளைப் பார்த்தார். கம்பளியைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் தன்னையும் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போ என்றார்.

காரையும் பிக்கப்பையும் சேர்த்த மாதிரி வண்டி மறுபடி வர வேண்டுமா என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் கேட்டால், வர வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்தப் பழைய காரே வர வேண்டாம். அது துருப்பிடிக்கும், ஓடையைத் தாண்டாது. ஆனால் மனுஷனை ஏற்றினால் மெத்தென்று போகும் வண்டி, சாமான் ஏற்றினால் மட்டும் ஏன் உதைக்க வேண்டும்? கனமான சரக்குக்கு வண்டி இருக்கிறது. பணக்காரர் உல்லாசத்துக்கு வண்டி இருக்கிறது. எடை கம்மியாக இருந்தாலும் உடையக்கூடிய பொருளை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத்தான் வண்டி இல்லை.

சட்டத்தோடு நாற்பது கிலோ இருக்கும் ஒரு கண்ணாடிக்காக, ஐந்நூறு கிலோ மணல் எங்களோடு வெள்ளிமலை வரைக்கும் ஏறுகிறது. அங்கே அதை யாரும் கேட்பதில்லை. கண்ணாடியை இறக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு மூட்டையையும் அசைக்காமல், அதே மணலோடு கீழே இறங்கி வருகிறோம்.