முட்டி வலி என்று நான் கொடுத்த ஜெபக்குறிப்பு

உயிரோடும் சுகத்தோடும், முக்கியமாகச் சிரித்த முகத்தோடும் என்னை உங்கள் முன்னால் நிற்க வைத்த கர்த்தருக்கு முதலில் என் நன்றி. ஆண்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்தானே? கதவைச் சாத்திவிடுங்கள். இது அப்படிப்பட்ட சாட்சி.

என் பெயர் லீலா. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். கணவர் ஜெயராஜ் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். ஒருவரை ஒருவர் கேலி செய்தே காலத்தை ஓட்டியவர்கள் நாங்கள்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. விட்டது தொல்லை என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வருடமே வேறு தொல்லை வந்தது. கீழே வறட்சி, எரிச்சல். சிறுநீர் போனால் எரியும். கணவரோடு சேர்ந்தால் மிளகாய்த்தூள் பட்ட புண் போலக் காந்தும். சுத்தம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, சோப்பும் கிருமிநாசினியும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினேன். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவர் பக்கத்தில் வந்தாலே எனக்குப் பயம். தலைவலி என்பேன், களைப்பு என்பேன். அவரும் எத்தனை நாள்தான் கேட்பார்? ஜூன் மாதத்தில் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். கேலிப் பேச்சும் நின்றுபோனது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "என்னைய புடிக்காமப் போயிருச்சா லீலா?"

ரசம் கொண்டுவருவதுபோல அடுப்படிக்குப் போய் அழுதேன். இந்த மனுஷனை இழந்துவிடுவேனோ என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் சபையில் வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியம் கூடும். ஒவ்வொருவரும் எழுந்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பைச் சொல்ல வேண்டும். பாஸ்டரம்மா நோட்டில் எழுதிக்கொள்வார். "வெளியே சொல்ல முடியாத காரியம்" என்றும் சொல்லலாம். ஆனால் போன வருடம் ஒரு அக்கா அப்படிச் சொல்லப்போக, சாயங்காலத்துக்குள் அவரைப் பற்றித் தெருவில் மூன்று கதைகள் உலாவின. என் முறை வந்தது. எழுந்தேன். வாயில் வந்தது: "முட்டி வலிங்க."

அவ்வளவுதான். ஆளாளுக்கு என் முழங்காலில் கை வைத்து ஜெபித்தார்கள். எல்லோரும் முழங்காலில் நிற்க, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. சொல்லிவிட்டோமே என்று நானும் நொண்ட ஆரம்பித்தேன். ஒரு வாரம் இடது கால். அடுத்த வாரம் மறதியில் வலது கால். பாஸ்டரம்மா அதைக் கவனித்து, நோட்டில் "இரண்டு முட்டியும்" என்று திருத்திக்கொண்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லாதபோது முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அவங்கல்லாம் முட்டிக்கு ஜெபம் பண்றாங்க. நீங்க அதைக் கொஞ்சம் இடம் மாத்தி எடுத்துக்குங்க. எனக்கு வலிக்கிறது எங்கன்னு உங்களுக்குத் தெரியும். என் வூட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் குடுங்க" என்றேன். ஆண்டவருக்கு முன்னால் முதன்முறையாக எல்லாவற்றையும் பேர் சொல்லிச் சொன்னேன். அழுது முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலையில் பாஸ்டரம்மா வாசலில் நிற்கிறார். "கெளம்பு லீலா. பெரம்பலூர்ல நல்ல எலும்பு டாக்டர் இருக்காங்களாம். சீட்டு போட்டாச்சு." எவ்வளவோ மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. பஸ்ஸில் ஏறும்போது என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார். உள்ளே போனால் இடம் கொடுக்கச் சொல்லி ஒரு பையனை வேறு எழுப்பினார்!

டாக்டரம்மா என் இரண்டு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். "முட்டி நல்லாத்தானே இருக்கு? மாதவிலக்கு நின்னுருச்சா?" என்றார்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதுங்க."

"அதுக்கப்புறம் வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஆண்டவர் என்னை அவ்வளவு தூரம் நொண்டவைத்தார் என்று நம்புகிறேன். பக்கத்து ஸ்டூலில் பாஸ்டரம்மா. இன்று விட்டால் இனி இல்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பாஸ்டரம்மா என்னையே பார்த்தார். பிறகு, "அடிப் பாவி! ஒன் முட்டிக்காக மூணு வாரம் உபவாசம் இருந்தேனேடி!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், டாக்டரம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பாஸ்டரம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதே ஆஸ்பத்திரியில் பெண்கள் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நிதானமாகக் கேட்டார். மார்பில் கட்டி வந்ததுண்டா, இடையில் ரத்தம் பட்டதா என்று விசாரித்தார். பரிசோதித்தார், கர்ப்பப்பை வாய்ச் சோதனையும் எடுத்தார். "பயப்படாதீங்க. மாதவிலக்கு நின்னா ஒரு ஹார்மோன் கொறஞ்சு போயிரும். அதனால அந்த எடத்துத் தோலு மெலிஞ்சு காஞ்சு போவுது. நெறையப் பேருக்கு வர்றதுதான். யாரும் வாயத் தொறக்கிறதில்ல" என்றார்.

சோப்பையும் கிருமிநாசினியையும் அன்றோடு விடச் சொன்னார். வெறும் தண்ணீர் போதுமாம். உள்ளே வைக்கும் ஹார்மோன் க்ரீம் ஒன்று கொடுத்தார்; முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. சேரும்போது தடவிக்கொள்ள ஒரு ஜெல். ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றனவாம். பயத்தில் இறுகிப்போன தசையைத் தளர்த்த ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். கடைசியில், "வூட்டுக்காரருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் என் கணவருக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் மருந்துச் சீட்டை முன்னால் வைத்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னேன். "உங்களைப் புடிக்காம இல்லைங்க. வலிங்க. பயந்துக்கிட்டுதான் ஓடுனேன்."

அவர் சீட்டை எடுத்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நானும் ஆண்கள் கூட்டத்துல இதுக்குத்தான் ஜெபக்குறிப்பு குடுத்தேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யய்யோ, என்னன்னு குடுத்தீங்க?"

"முதுகு வலின்னு."

அழுத கண்ணோடு நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு அம்மா என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

எரிச்சல் சில வாரங்களில் தணிந்தது. மற்றது சரியாவதற்கு மூன்று மாதம் போல ஆனது. மந்திரத்தில் மாங்காய் விழுந்ததுபோல நடக்கவில்லை. மருந்தும் பொறுமையும் வேண்டியிருந்தது. அவர் அவசரப்படவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே பாய் உள்ளே வந்துவிட்டது. கேலிப் பேச்சும் திரும்பிவிட்டது. போன வாரம்கூட என் குழம்பைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் சொல்கிறேன்.

சகோதரிகளே, ஆண்டவர் வானத்திலிருந்து கை நீட்டவில்லை. ஒரு பாஸ்டரம்மாவை அனுப்பினார், ஒரு கேள்வி கேட்கும் டாக்டரை அனுப்பினார். என் பொய்யைக்கூட வீணாக்காமல் அதன் வழியாகவே என்னைக் கூட்டிப்போனார். அந்த இடத்தையும் படைத்தவர் அவர்தானே, அவரிடம் என்ன வெட்கம்? அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். டாக்டரிடமும் உள்ளபடி சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

அப்படியும் வாய் வரவில்லையா? கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து கையை மட்டும் பிடியுங்கள். என்ன ஏது என்று நான் கேட்க மாட்டேன். பெரம்பலூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிடுவேன். ஆமென்.