இசக்கிச்செல்வியின் முதல் வாசகி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இசக்கிச்செல்வி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. பெயர் ஞானசௌந்தரி, வயது ஐம்பத்திரண்டு, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. இருபத்தாறு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். ஒரே ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. அதை வாசித்ததாக என்னிடம் சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அதை அச்சடித்தவர்.

இசக்கிச்செல்விக்கு முப்பத்து மூன்று வயது. அப்பாவும் அம்மாவும் மாஞ்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்கு நெஞ்சுச்சளி முற்றவும் குடும்பத்தோடு மணிமுத்தாறுக்கு இறங்கி வந்தார்கள். பிளஸ் டூவும் டைப்பிங் ஹையரும் முடித்தவளை ஸ்ரீவைகுண்டத்தில் கொம்பையாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் வாழைத்தோட்டங்களில் தார் வெட்டப் போகிறவன், நல்ல மனுசன். இவளுக்குப் பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலை. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மனுதாரர், எதிர்மனுதாரர், சேர்ந்து வாழ இயலாத நிலை என்று அடித்துத் தள்ளுவாள். போகவர இரண்டு நேரமும் பஸ்ஸில் உட்கார்ந்து, மொபைலில் இரண்டு கட்டை விரலால் காதல் கதை எழுதுவாள்.

நான் செய்துங்கநல்லூரில் ஏறுவேன். எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். அப்படித்தான் பழக்கம். நான் தமிழ் டீச்சர் என்று தெரிந்த மறுநாளே மொபைலை நீட்டிவிட்டாள். ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துத் தந்தால் போதும் என்றாள். பார்த்தேன். இந்த வயதில் இவ்வளவு சந்திப்பிழையா என்று தலையில் அடித்துக்கொண்டேனே தவிர, அந்த அத்தியாயத்தை முடிக்காமல் பஸ்ஸை விட்டு இறங்க மனம் வரவில்லை. அதுதான் எனக்கு முதல் எரிச்சல்.

கதையின் பெயர் 'நீருக்குள் ஒரு நிலவரசன்'. மணிமுத்தாறு அணைக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது. அதற்கு ராஜா மேகவர்மன். முந்நூறு வயதானாலும் முப்பது மாதிரி இருப்பான். அணையில் தவறி விழுந்த ஹம்ஸினி என்கிற பெண்ணை, தாலுகா ஆபீஸில் தற்காலிக வேலை பார்க்கிறவளை, அவன் கையில் ஏந்திப் பிடிக்கிறான். இதை வாராவாரம் புதன்கிழமை மதியம் ஒரு கதைத்தளத்தில் போடுவாள். புது அத்தியாயத்தை வாசகிகள் 'யூடி' என்பார்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் யூடி எங்கே சிஸ், வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா சிஸ் என்று வரிசையாக விசாரிப்பு வரும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சிஸ்டர்தான், சுருக்கமாக சிஸ்.

வாசகிகள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அத்தியாயத்துக்கு நாற்பதாயிரம் பேர். குவைத்தில் நர்ஸாக இருக்கிற ஒருத்தி, டூட்டி மாற்றிக்கொண்டு படிப்பதாக எழுதினாள். ஒருத்தி, மேகா மாதிரி ஒருவன் கிடைத்தால் நான் தண்ணீருக்குள்ளேயே குடித்தனம் பண்ணுவேன் என்றாள். இன்னொருத்தி தன் பிள்ளைக்கு மேகவர்மன் என்றே பெயர் வைத்து, தொட்டில் படத்தையும் போட்டாள். என் கதைகளுக்கு வந்த ஒரே கடிதத்தில் சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் என்று இருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஏனென்றால் நாற்பதாயிரம் பேருக்கும் முன்னால் படிப்பவள் நான். செவ்வாய்க்கிழமை காலையிலேயே அத்தியாயம் எனக்கு வாட்ஸப்பில் வந்துவிடும். குவைத் நர்ஸுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். பிழை திருத்தி அனுப்பும்போது எப்போதும் ஒரே வார்த்தைதான் எழுதுவேன், நல்லாருக்கு. அதற்கு மேல் ஒரு சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

முப்பதாவது அத்தியாயத்தில் மேகவர்மனுக்கு விஷ அம்பு பட்டுவிட்டது. பிழைப்பானா மாட்டானா என்று நிறுத்திவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை காலை, பஸ் வி.எம்.சத்திரம் தாண்டும்போது அவளுக்கு போன் வந்தது. கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகி ஸ்ரீவைகுண்டத்துக்கே வந்து, பெருமாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறாளாம். மேகவர்மன் பேருக்கு அர்ச்சனை. பட்டர் நட்சத்திரம் கேட்கிறாராம்.

நான் சிரிக்கத் தயாரானேன். இசக்கிச்செல்வி சிரிக்கவில்லை. அரை நொடிகூட யோசிக்காமல், "சதயம்னு சொல்லுங்கக்கா" என்றாள். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சதயம் வருணனுக்குரிய நட்சத்திரம் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் ராஜாவுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது. கதையில் எங்கேயும் எழுதாத விஷயத்தை அவள் மனதில் வைத்திருக்கிறாள். நான் படைத்த மனிதர்களில் ஒருவருக்காவது பிறந்த மாதம் எனக்குத் தெரியுமா? அன்று மதிய இடைவேளையில், ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டைத் திறக்காமல் அந்தக் கதைத்தளத்தில் ஒரு பொய்க் கணக்கைத் திறந்தேன். நியாயம் தீர்க்கிற பெயராக இருக்கட்டும் என்று சாலமோன் என வைத்தேன். பெங்களூரில் இருக்கிற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி.

சாலமோன் வெளுத்து வாங்கினார். இருபத்தாறு வருடமாக என்னிடம் தேங்கிக் கிடந்தது எல்லாம் அவர் வாயில் வந்தது. ராஜா என்கிறீர்கள், அவன் ஒருநாளாவது ராஜ்ய வேலை பார்த்து நான் படிக்கவில்லையே என்று கேட்டார். ஹம்ஸினி மூன்று அத்தியாயமாக அழுகிறாள், தண்ணீருக்கடியில் கண்ணீர் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்டார். வாசகிகள் கொதித்துப் போனார்கள். பிடிக்காவிட்டால் படிக்காதீர்கள் அங்கிள் என்று நூறு பேர் பாய்ந்தார்கள். எனக்கு அப்படி ஒரு திருப்தி.

ஆனால் அடுத்த புதன்கிழமை அத்தியாயத்தில் ஒரு வரி வந்தது. அந்த நகரத்தில் யாராவது அழுதால் கண்ணீர் குமிழியாக மேலே போகும். அணை மேல் நின்று பார்க்கிறவர்கள், மீன் மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வரியை எடுத்துப்போட்டு வாசகிகள் கொண்டாடினார்கள். ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நான் குத்தின இடத்தில் அவளுக்குப் பூ முளைத்துவிட்டது.

அதற்குப் பிறகு பஸ்ஸில் எப்போதும் சாலமோன் பேச்சுதான். சாலமோன் சார் இப்படிக் கேட்டிருக்கார், சாலமோன் சாருக்கு இந்தப் பதில் போதுமா டீச்சர் என்று என்னிடமே அபிப்பிராயம் கேட்பாள். அவருக்கு மட்டும் மூன்று பத்தியில் பதில் எழுதுவாள். நான் திருத்தி அனுப்புவதற்குச் சரி டீச்சர் என்பதோடு சரி. ஒருநாள் கேட்டே விட்டேன். அந்த ஆள் இப்படித் திட்டுகிறார், உனக்குக் கோபம் வரவில்லையா என்று.

"அவரு ஒருத்தருதான் டீச்சர் வரிவரியாப் படிக்காரு" என்றாள்.

அப்படியானால் இத்தனை மாதமாக உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிற நான் யார்? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். நானே பெற்றுப் பெயர் வைத்த ஒரு ஆள் மேல் எனக்கே பொறாமை வந்ததை யாரிடம் போய்ச் சொல்ல?

நாற்பத்தோராவது அத்தியாயம் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்தது. மேகவர்மன் முதல்முறையாகத் தண்ணீரைவிட்டு வெளியே வருகிறான். ஆற்றோடு நடந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் வந்து, சித்திரை வெயிலில் மணலில் கால் வைக்கிறான். முந்நூறு வருடமாகச் சூடு என்றால் என்னவென்று தெரியாத கால். வலி என்று சொல்லக்கூட அவனுக்குத் தெரியவில்லை. ஹம்ஸினி தன் பையிலிருந்து ஆபீஸுக்குக் கொண்டுபோகிற வாட்டர் பாட்டிலை எடுத்து, அவன் காலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறாள். பாதித் தண்ணீர் தீர்ந்ததும், மீதியைக் குடிக்க வைத்துக்கொள் என்கிறான். அவ்வளவுதான்.

அதைப் படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் அப்படி ஒரு பக்கம் எழுதியதில்லை. இனிமேல் எழுதப் போவதுமில்லை என்று அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துபோயிற்று. பக்கத்தில் அவள் ஆவலாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தி, நல்லாருக்கு என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கே சாலமோனின் விமர்சனத்தை எழுதித் தயாராக வைத்துக்கொண்டேன். வாட்டர் பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றுவதுதான் காதலா, இதற்கு ராஜா எதற்கு, குழாயடியே போதுமே என்று ஆரம்பித்து இருபது வரி. புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு யூடி வந்தது. அத்தியாயத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், எழுதி வைத்திருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.

வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் முப்பது பதில்கள். எந்த பாட்டில் அங்கிள்? வேறு கதையைப் படித்துவிட்டு வந்தீர்களா? மேகா இன்னும் தண்ணீருக்குள்தானே இருக்கிறான்? என்று கேட்டிருந்தார்கள். அத்தியாயத்தைத் திறந்தேன். மேகவர்மன் வெளியே வரவே இல்லை. மணல் இல்லை, பாட்டில் இல்லை. என்னிடம் காட்டிய பிறகு, போடுவதற்கு முன், அந்தக் காட்சியை முழுதாக எடுத்துவிட்டிருக்கிறாள். தவளை தன் வாயால் கெடும் என்று வருடத்துக்கு நாலு தடவையாவது பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். விமர்சனத்தை அழித்தேன். அழித்து என்ன செய்ய, அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்.

மறுநாள் லீவு போடலாமா என்று நினைத்தேன். போடவில்லை. போடாவிட்டால்தான் சாலமோன் வேறு யாராகவாவது இருக்கலாம் என்று அவள் நினைக்க வழி உண்டு என்று ஒரு அசட்டுக் கணக்கு. பஸ்ஸில் ஏறினேன். எனக்கு இடம் போட்டுத்தான் வைத்திருந்தாள். கிருஷ்ணாபுரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செல்வி என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் காட்சிய உங்களுக்கு மட்டுந்தான் டீச்சர் அனுப்பியிருந்தேன்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"நெசமாவே அது நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சுட்டி" என்றேன். "அதுனாலதான் அப்படி எழுதுனேன்."

அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் என்று நான் எதிர்பார்த்தது வரவேயில்லை. யாரோ செத்த சேதி கேட்ட முகமாக இருந்தது.

"அது இன்னும் சரியா வரலைன்னு எனக்குத் தோணிச்சு டீச்சர். சாலமோன் சாரு படிப்பாரே, அவரு வாயால ஒரு தடவையாவது நல்லாருக்குன்னு வாங்கிரணும், திருத்தி எழுதிப் போடுவோம்னுதான் எடுத்து வச்சேன்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இத்தன பேரு படிக்காங்க. அங்கன ஒரு மனுசன் நமக்காவ மெனக்கெட்டு உக்காந்து திட்டுதாருன்னு ஒரு தைரியம் இருந்துச்சு. இப்ப அந்த மனுசரே இல்லைன்னுட்டிய."

கோர்ட் நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். வாரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மரியாதை தெரிந்தவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. அவள் ஒரு பஸ் முன்னதாகப் போக ஆரம்பித்திருந்தாள். நானும் மற்றவர்கள் மாதிரியே புதன்கிழமை மதியம் வரைக்கும் காத்திருந்து படிக்கிறேன். ஒற்றுப்பிழைகள் கண்ணை உறுத்துகின்றன. யாரும் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நாற்பத்து நாலாவது அத்தியாயத்தில் அந்தக் காட்சி வந்தது. முன்பைவிட நன்றாக எழுதியிருந்தாள். இப்போது அவன் பேசுவதே இல்லை. பாதித் தண்ணீர் தீர்ந்ததும் அவள் கையைப் பிடித்து பாட்டிலை நிமிர்த்துகிறான், அவ்வளவுதான். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, ஞானசௌந்தரி என்கிற என் சொந்தப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தேன். அந்தப் பேச்சை எடுத்தது எவ்வளவு சரி என்று எழுதினேன். சூட்டைச் சொல்லாமல் சூட்டைக் காட்டியது எப்படி என்று எழுதினேன். இத்தனை வருடமாக எழுதியும் எனக்குக் கைவராதது உனக்கு வந்திருக்கிறது என்றும் எழுதினேன். மொத்தம் முப்பது வரி. என் வாழ்நாளில் ஒருவரைப் பற்றி நான் பொய்யில்லாமல் எழுதிய முப்பது வரி அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் அவளுடைய பதில் வந்திருந்தது. மேலேயும் கீழேயும் மற்ற எல்லோருக்கும் போட்டிருந்த அதே பதில்தான் எனக்கும்.

நன்றி சிஸ்.