கயிற்றை அவிழ்த்தவன்

அந்தக் கயிற்றை அவிழ்த்தவன் நான்தான். என் மனைவி கோமதியின் இடது காதைச் செவிடாக்கியவனும் நான்தான். அந்தப் பழியை ஒரு படகோட்டியின் தலையில் சுமத்திவிட்டு, மூன்று ஆண்டுகளாக நல்ல கணவன் என்ற பெயரோடு ஆம்பூரில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்... அறிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

நான் ஒரு தோல் ஷூ தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். காலையில் உள்ளே நுழைந்தால் மாலைவரை என் குரல்தான் அங்கே கேட்கும். கோமதி பேர்ணாம்பட்டில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தாள். இயந்திர இரைச்சலில் நானும் பிள்ளைகளின் இரைச்சலில் அவளுமாகக் காலம் ஓடிவிட்டது. "ஒரு தடவையாவது ரெண்டு பேரும் எங்கனா போயி சும்மா இருங்க" என்று எங்கள் மகள்தான் அடம்பிடித்து அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். அந்தமானில் தீவு தீவாகச் சுற்றிவர ஒரு பாய்மரப் படகு. நாங்கள் இருவர், படகோட்டி ஒருவர், ஒரு வாரம்.

படகோட்டியின் பெயர் சேவியர். நாற்பது வயதிருக்கும். அவருடைய பெற்றோர் குமரிக் கடற்கரையிலிருந்து தீவுக்குக் குடியேறியவர்களாம். அவரே பாய் ஏற்றுவார், அவரே மீன் பொரிப்பார், இடைவிடாமல் பேசுவார். பாதிப் பேச்சு தன் மகளைப் பற்றியதாக இருக்கும்.

கோமதியை அப்படி நான் பார்த்ததே இல்லை! படகின் முனையில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, அலை தெறிக்கும்போதெல்லாம் சின்னப் பெண்ணைப்போலக் கூவினாள். "ஏங்க, மூச்ச இழுத்துப் பாருங்க. தோல் வாடையே இல்ல!" என்றாள். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்துப் பழகியவள், மணலைத் தொட்டுக்கொண்டிருந்த பச்சை நிறத் தண்ணீரை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லை. போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றுமில்லை. ஒரு தீவருகே நங்கூரம் இடுவோம், குளிப்போம், தூங்குவோம், மறுபடியும் பாய் விரியும்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியவில்லை.

கேட்க நினைத்ததையெல்லாம் அவள் சேவியரிடமே கேட்டாள். காற்று எப்படித் திரும்புகிறது, பாய் ஏன் படபடக்கிறது, ஆழம் எப்படித் தெரிகிறது... அவரும் சலிக்காமல் சொன்னார். அவள் வியந்து தலையாட்டினாள். நான் ஒரு மூலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறாமையா அது? அவ்வளவு பெரிய சொல் வேண்டாம். என் மனைவி பார்க்கும் இடத்தில் நான் ஒன்றுக்கும் உதவாதவனாக இருந்தேன், அவ்வளவுதான். அந்தச் சிறுமை எனக்குப் பழக்கமில்லாதது.

நான்காம் நாள் பிற்பகல் காற்று பின்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. பெரிய பாயை ஒரு பக்கமாக முழுக்க விரித்துவிட்டிருந்தார் சேவியர். பாயின் அடியில் படுக்கைவாட்டில் ஒரு நீண்ட உலோகக் கழி உண்டு. அது இந்தப் பக்கம் வீசிவிடாதபடி ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். என்னைச் சுக்கானருகே உட்காரவைத்து அவர் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"சார், நேரா மட்டும் புடிச்சிக்கோங்க, திருப்பாதீங்க. அந்தக் கயித்தத் தொட்டுறாதீங்க. கழி திரும்பி அடிச்சா ஆளு தாங்காது. மேடம் டீ கேட்டாங்க, போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

கீழே இறங்கிப் போனார்.

கோமதி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ, நீங்களா ஓட்டறீங்க? கவுத்துடப் போறீங்க, பாத்து!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. சற்றுத் தள்ளி மரங்களே இல்லாத ஒரு சின்ன மணல் திட்டு வெயிலில் பளபளத்தது. அவள் அதைப் படமெடுக்க எழுந்து, படகின் நடுவுக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி கைப்பேசியை உயர்த்தினாள். அதன் பக்கமாகப் படகைத் திருப்பிக் காட்டுவோம் என்று நினைத்தேன். சேவியர் மேலே வரும்போது படகு என் சொல்லைக் கேட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்! சுக்கானைத் தள்ளினேன். பாய் முரண்டு பிடித்தது. கயிறுதான் தடுக்கிறது என்று புரிந்தது. எழுந்து போய், முடிச்சை அவிழ்த்தேன். திரும்பி வந்து மறுபடி சுக்கானைத் தள்ளினேன்.

பாய் ஒரு கணம் தொய்ந்தது. பிறகு...

அந்த ஓசையை நான் எப்படி எழுதுவேன்? கழி படகின் குறுக்கே வீசிப் பாய்ந்தது. "கோமதி!" என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா, தெரியவில்லை. அவள் தலையின் இடப்பக்கம் அடிபட்டு, சத்தமே இல்லாமல் பலகைமேல் விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

சேவியர் தாவி மேலே வந்தார். கழியைப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மேடம் தலையப் புடிங்க சார், அசையாமப் புடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாயை இறக்கி, எஞ்சினை முடுக்கினார். கரை சேரும்வரை கடலைப் பார்த்து அவர் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். அழுதுகொண்டே வந்தார். நான் அழவில்லை. அவள் தலையை மடியில் ஏந்தியபடி, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆம்... அந்த நேரத்திலேயே!

உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இடது காது இனிக் கேட்காது என்றார் மருத்துவர். சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே படகின் உரிமையாளர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சேவியர்.

"என்ன நடந்துச்சு சார்?"

எங்கள் தொழிற்சாலையில் தோல் வெட்டும் இயந்திரத்தில் யாருக்காவது விரல் போனால், விசாரிப்பவன் நான். எந்தச் சொல்லை முதலில் சொன்னால் பழி எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்கு அத்துப்படி. உண்மையில் பாதியை எடுத்து முன்னால் வைக்க வேண்டும்.

"உங்க ஆளு டீ போடறேன்னு கீழ போய்ட்டாரு. பாய யாரும் பாத்துக்கல. கயிறு அவுந்து போச்சு."

"சார்..." என்றார் சேவியர். "நான் நல்லாக் கட்டியிருந்தேன் சார். நீங்க..."

"நான் இன்னா? கடலையே இப்பதான் பாக்கறேன். எனக்கு இன்னா தெரியும்? என் பொண்டாட்டி உள்ள கிடக்கறா, நீ என்னை விசாரிக்கறியா?"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். உரிமையாளர் அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. அந்தத் தீவுகளில் படகுக்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அதன் பிறகு யாரும் அவர் கையில் படகைக் கொடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கோமதி ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. நான் சொன்னதே அவளுக்கு நடந்ததாகிவிட்டது.

ஊர் திரும்பிய பின் அவள் பள்ளிக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. "டீச்சர்னு கூப்பிடுதுங்க. எந்தப் பக்கத்துலருந்து கூப்பிடுதுன்னே தெரியலங்க. நான் ஒரு பக்கம் திரும்பறேன், அதுங்க சிரிக்குதுங்க" என்று ஒரு மாலை சொன்னாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டாள். அவள் அழுதபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லாம் அந்தப் பாவியால வந்தது" என்றேன். என் வாயால் சொன்னேன்!

சென்ற ஆண்டு தொழிற்சாலையில் ஓர் இளைஞனுக்கு விரல் நசுங்கியது. "அவன் கவனமா இல்ல சார், பேஜாரா போச்சு" என்றார் மேற்பார்வையாளர். நான் அந்த இளைஞனையே கேட்டேன், "நீ சொல்லுப்பா, இன்னா ஆச்சு?" அவன் மேற்பார்வையாளரைப் பார்த்தான். பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "என் தப்புதான் சார்" என்றான். பொய் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் கேட்க என் நாக்கு எழவில்லை. கேட்கும் தகுதி எனக்கு ஏது?

சேவியர் என்னைப் பலமுறை அழைத்தார். நான் எடுக்கவில்லை. பிறகு அவர் எண்ணையே தடுத்து வைத்தேன்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். கோமதி வலது காதில் வைத்திருந்த கைப்பேசியை அப்போதுதான் இறக்கினாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அந்தப் படகுக்காரருங்க. சேவியரு. பழைய நம்பரத் தேடி என் போனுக்குப் போட்டிருக்காரு."

கையிலிருந்த பையை நான் கீழே வைக்கவில்லை. "இன்னாவாம்?"

"கீழ போயிருக்கக் கூடாது மேடம், தெரியாதவங்க கையில சுக்கானக் குடுத்தது என் தப்பு, மன்னிச்சிருங்கன்னு அழறாரு. அவர் பொண்ணுக்குக் கல்யாணமாம். அதுக்கு முன்னாடி என்கிட்டப் பேசிடணும்னு தோணுச்சாம்." கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். "கயிறு எப்படி அவுந்துச்சுன்னு கேட்டேன். 'அத சாரக் கேளுங்க மேடம்'னாரு. ஏங்க... இன்னா சொல்றாரு அவரு?"

கேட்டுவிட்டு, நான் சொல்வது தெளிவாக விழவேண்டும் என்று வலது காதை என் பக்கம் திருப்பினாள்.

இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு வாய்த்திருக்குமா? வீட்டில் வேறு யாருமில்லை. ஒரு வார்த்தை போதும். தொண்டைவரை வந்தது... அவள் கண்களைப் பார்த்தேன். அவற்றில் சந்தேகம் இருந்ததா, நம்பிக்கை இருந்ததா? இப்போதும் எனக்குத் தெரியாது.

"பழிய என் தலையில கட்டப் பாக்கறான். வேற இன்னா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும். நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேங்க. செரிதானே?"

"செரி" என்றேன்.

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு வர வேண்டிய மன்னிப்பை, அதைக் கேட்கவே தேவையில்லாத ஒரு மனிதர், கடலுக்கு அப்பால் அழுது பெற்றுக்கொண்டார். எனக்கு அதைக் கேட்கும் வாய் இல்லை.

இப்போதும் மாலையில் நாங்கள் நடக்கப் போகிறோம். நான் எப்போதும் அவளுடைய வலப்பக்கமாகவே நடக்கிறேன். அப்போதுதான் நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். விலைவாசி, மழை, மகளின் வேலை என்று என்னென்னவோ பேசுகிறேன். நேற்றும் பேசினேன். நாளையும் பேசுவேன்... அந்த ஒன்றைத் தவிர.