மூடாத கிணற்றின் அழுத்தம்

என் வரைபடத் தாளின் மேல் ஆபரேட்டர் அண்ணன் விரல் வைத்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார். கையெல்லாம் கரும்புச் சோகை இலை கிழித்த கோடுகள். அன்று நான் இருந்த மிதப்பில் அந்தக் கறையைப் பார்த்து முகம் சுளித்தேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

நான் எரிவாயுக் கிணறுகளைக் கணக்கிடும் பொறியாளர். ஊர் கள்ளக்குறிச்சி. எங்கள் மாவட்டத்தில் எண்ணெய் என்றால் செக்கு, எரிவாயு என்றால் சிலிண்டர். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. வேலை டெல்டாப் பக்கம். சேர்ந்த முதல் வாரம், ஒரு கிணற்றடியில் நின்று யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “இன்னா மேடம், நம்மூருப் பக்கமா நீங்க? திட்டறதுலயே தெரியுது.” அவர்தான் அந்தக் கிணற்றின் ஒப்பந்த ஆபரேட்டர். எங்கள் மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரும்பு வைத்திருந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் ஆபரேட்டரண்ணன்.

பூமிக்குள் எவ்வளவு வாயு இருக்கிறது என்று யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. வழக்கமான வழி, கிணற்றைச் சில நாள் மூடிவைத்து, உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பார்ப்பது. எங்கள் கிணற்றை மூட முடியாது. அதை நம்பி ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஓடுகிற கிணற்றின் அழுத்தத்தை வைத்தே கணக்கிட வேண்டும். சைக்கிள் ட்யூபிலிருந்தும் டிராக்டர் டயரிலிருந்தும் ஒரே அளவாகக் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் எது சீக்கிரம் தொய்யும்? அவ்வளவுதான் சங்கதி. அழுத்தம் வேகமாக இறங்கினால் கீழே இருக்கும் கிடங்கு சின்னது, மெதுவாக இறங்கினால் பெரியது. கிணற்றில் இருந்த மின்னணுக் கருவி பழுதாகி மாற்றுக் கருவியும் வராததால், தினம் நான்கு வேளை அண்ணன்தான் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து நோட்டில் எழுதுவார்; அலுவலகத்திலிருந்த எனக்கு அந்த எண்கள் தட்டச்சாகி வரும். என் மொத்தக் கணக்கும் அந்த நோட்டின் மேல் நின்றது.

அந்த நோட்டில் கடைசி மூன்று வாரம் அழுத்தம் அசையவே இல்லை. வாரத்துக்கு ஒரு புள்ளி, அதுவும் போனால் போகிறது என்று இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் மளமளவென்று இறங்கியதை, ஆரம்பத்தில் எல்லாக் கிணறும் அப்படித்தான் என்று நானே தள்ளிவிட்டேன். கோடு போட்டுப் பார்த்தால் கீழே கடல் மாதிரி வாயு! நான் தனியாகச் செய்த முதல் மதிப்பீடு அது. திங்கட்கிழமை மேலாளர்கள் முன்னால் வைக்க வேண்டும். அதை நம்பி வயல்கள் வழியாகப் புதுக் குழாய் போடத் தயாராக இருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அமைதியாக உட்கார்ந்து அறிக்கை எழுதலாம் என்று கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்தவள், ஒரு வால்வு விவரம் கேட்க அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊரில்தான் இருப்பதாகச் சொன்னார். வார விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்து, “வாங்கண்ணா, நம்ம கிணறு எவ்வளவு பெரிசுன்னு காட்டறேன்” என்றேன்.

மதியம் வந்தார். அம்மா கொடுத்த மோர் அப்படியே இருந்தது. நான் பெருமையாக விளக்க விளக்க, அவர் விரல் அந்தத் தட்டையான கோட்டிலேயே நின்றது.

“மேடம், இந்த மூணு வாரமும் நான் அங்க இல்ல.”

எனக்குப் புரியவில்லை.

“மில்லுலருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்துடுச்சு. கான்ட்ராக்டர் லீவு குடுக்கல. மலைமேல மழை கட்டிக்கினு நிக்குது, வயல் சேறானா டிராக்டர் எறங்காது. கூட வேல பாக்கறவன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க கூப்ட்டதும் அவன்கிட்ட கேட்டேன். நான் வுட்டுட்டு வந்த நம்பரையே போட்டுக்கினு இருந்தானாம். சந்தேகம் வராம இருக்க வாரத்துக்கு ஒண்ணு கொறச்சானாம்.”

“அறிவிருக்காண்ணா உங்களுக்கு?” என்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். கத்த வேண்டியது என்னைப் பார்த்துத்தான். ஓடுகிற கிணற்றின் கேஜ் முள் அங்குமிங்கும் ஆடாமல் இருக்குமா? படித்த படிப்பெல்லாம் ஆசைக்கு முன்னால் பல்லிளித்துவிட்டது. கோபம் அடங்கியதும் அதைவிடக் கேவலமான காரியம் ஒன்று செய்தேன். குரலைத் தாழ்த்தி, “விடுங்கண்ணா. வெளிய சொன்னா உங்க வேலை போயிடும். யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன். அவர் வேலையைக் காரணம் சொல்லி என் மதிப்பீட்டைக் காப்பாற்றப் பார்த்தேன்.

“கெணத்துக்குத் தெரியுமே மேடம்” என்றார். “நாளைக்குக் குழாயப் போட்டுட்டு காத்து வரலன்னா, என்னியா கேப்பாங்க? உங்களத்தான் நிக்கவச்சிக் கேப்பாங்க. நோட்டுல இருக்கறது என் பேரு. மேனேஜருக்குப் போன் போடுங்க, நானே சொல்றேன்.”

சொன்னார். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, கூட வேலை பார்த்தவன் பெயரைக் கடைசிவரை எடுக்காமல் சொன்னார். பிறகு மோரைக் குடித்துவிட்டு, லோடு ஏற்ற வேண்டும் என்று டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு போனார். இரண்டாம் நாள் கான்ட்ராக்டர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை நான் வைத்தது மதிப்பீட்டை அல்ல, என் தவற்றை. சிரித்தவர்கள் சிரித்தார்கள். மறுபடி அழுத்தம் எடுக்கலாம் என்று மேலாளர் சொன்னதும், கேஜ் பார்க்க அதே ஆள்தான் வேண்டும் என்றேன். “பொய் எழுதினவரையா?” என்று கேட்டார். “தன் வேலை போகும்னு தெரிஞ்சே வந்து சொன்னவரைத்தான் சார். அப்படி இன்னொருத்தரை நீங்களே காட்டுங்க” என்று எழுந்து நின்று சண்டை போட்டேன். மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மூன்று மாத நோட்டைப் போல ஒன்றை நான் பிறகு பார்த்ததே இல்லை. முள் ஆடினால் எதற்கும் எதற்கும் நடுவில் ஆடியது என்று இருக்கும். காய்ச்சலில் ஒரு வேளை தவறினால் ‘பார்க்கவில்லை’ என்று இருக்கும். அந்த எண்களில் கோடு சரசரவென்று இறங்கியது. கடல் இல்லை, குட்டை. இதே வேகத்தில் எடுத்தால் மூன்று வருடத்தில் தீரும் என்று எழுதிக் கொடுத்தேன். குழாய்த் திட்டம் கைவிடப்பட்டது. அண்ணனுக்கு அங்கே மறுபடி வேலை கிடைக்கவில்லை, கரும்புக்கே திரும்பிவிட்டார். அது இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம்.

போன மாதம் அந்தக் கிணறு நின்றது. நாங்கள் சொன்ன கணக்குக்கு இரண்டு வாரம் முன்னால். செய்தி வந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் போட்டேன். மில் வாசலில் கரும்பு டிராக்டரோடு வரிசையில் நின்றிருந்தார்.

“அண்ணா, நம்ம கிணறு வத்திடுச்சு.”

“நம்ம சொன்ன கணக்குப்படியா மேடம்?”

“ரெண்டு வாரம் கம்மி.”

அவ்வளவுதான், அந்த மனிதர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். “யோவ், எங்க கெணறு வத்திடுச்சுய்யா!” என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சிரித்தார். நானும் இங்கே அலுவலகம் திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனுக்குள் பக்கத்து டிராக்டர்காரர் யாரோ பதறிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்:

“இன்னாய்யா ஆச்சு உனக்கு? கெணறு வத்தினா எவனாச்சும் சிரிப்பானா?”